பதிமூன்று நிமிட மேடையும் ‘மாட்டேன்’ என்ற சொல்லும்

மேடை கிடைத்துவிட்டது, ஆகவே அதிகாரம் கிடைத்துவிட்டது என்று கணக்குப் போடுகிற தோழர்களோடு எனக்கு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. அமெரிக்காவின் சூப்பர் பௌல் ஆட்ட இடைவேளையில் 2025 பிப்ரவரியில் கெண்ட்ரிக் லமார் பாடினார். 2026 பிப்ரவரியில் போர்ட்டோ ரிக்கோவின் பேட் பன்னி, ஆங்கிலத்தை ஓரங்கட்டிவிட்டு ஸ்பானிய மொழியில் பாடினார். இரண்டு தடவையும் நம் வட்டத்து மாணவர்கள் சிலர் “வெள்ளைக்காரன் நடுவீட்டுலயே நம்மாளு பூந்துட்டான்” என்று கொண்டாடினார்கள். கொண்டாடட்டும். நானும் பார்த்தேன், எனக்கும் உடம்பு சிலிர்த்தது. ஆனால் அந்த மேடைக்கு ஆள் பொறுக்குகிற கை யாருடையது என்று ஒருத்தர்கூட கேட்கவில்லை. கேட்டால் “அதெல்லாம் எதுக்குத் தோழர், பாட்டைப் பாருங்க” என்கிறார்கள். பாட்டைப் பார்த்தாச்சு. இனி கையைப் பார்ப்போம்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இது நம் ஊரில் ஆடும் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு, மோதி விழுந்து எழுந்து ஓடுகிற ஆட்டம். நடத்துவது என்.எஃப்.எல். என்ற லீக். 32 அணிகள். ஆடுகிற உடம்புகளில் பாதிக்கு மேல் கருப்பு உடம்புகள். லீக் தொடங்கிய 1920இலிருந்து இன்றுவரை எந்த அணிக்கும் ஒரு கருப்பர் பெரும்பங்கு முதலாளியாக இருந்ததில்லை. இந்த ஒரு வரியை மனசுல வச்சுக்கிட்டு மேலே படியுங்கள். பருவத்தின் இறுதியாட்டம்தான் சூப்பர் பௌல். அதன் நடுவில் மேடையை மைதானத்துக்குள் உருட்டிக்கொண்டு வந்து பூட்டி, பதிமூன்று நிமிடம் போலப் பாடி ஆடிவிட்டு, மறுபடி பிரித்துத் தள்ளிக்கொண்டு போவார்கள். 2025இல் இதைச் சராசரியாக 13.35 கோடிப் பேர் பார்த்ததாகக் கணக்கு.

நான் வங்கியில் பற்று வரவு எழுதிச் சோறு தின்கிறவன். கவிதை அதற்குப் பிறகுதான். ஆகவே முதலில் பேரேட்டைப் புரட்டுகிறேன். பாடுகிறவருக்குச் சம்பளம் கிடையாது. ஆமாம், கிடையாது. சங்க விதிப்படி குறைந்தபட்சத் தொகை, பயணச் செலவு, மேடைத் தயாரிப்புச் செலவு, அவ்வளவுதான். அந்தச் செலவும் போதாமல் 2021இல் தி வீக்எண்ட் தன் கையிலிருந்து 70 லட்சம் டாலர் போட்டார். அதே பதிமூன்று நிமிடத்தின் நெற்றியில் தன் பெயரை ஒட்டிக்கொள்ள ஆப்பிள் மியூசிக் ஆண்டுக்குச் சுமார் 5 கோடி டாலர் கொடுப்பதாகப் பத்திரிகைகள் எழுதின. 2025 ஆட்டத்தில் 30 வினாடி விளம்பரத்தின் விலை 80 லட்சம் டாலர்வரை போனது. வரவு யார் பக்கம், பற்று யார் பக்கம்?

“பாட்டு விக்குதுல்ல, அதுதான் கூலி” என்பார்கள். விக்குது, மறுக்கவில்லை. ஆனால் கூலிக்குப் பதில் ‘வாய்ப்பு’ தருகிற முதலாளியை நமக்குத் தெரியாதா என்ன? 2014இல் அதையும் தாண்டினார்கள். அடுத்த ஆண்டுக்கு மனதில் வைத்திருந்த ரிஹானா, கேட்டி பெர்ரி, கோல்ட்பிளே தரப்புகளிடம், இங்கே பாடிய பிறகு நடத்தும் கச்சேரி வருமானத்தில் எங்களுக்கு ஒரு பங்கு வருமா என்று லீக் விசாரித்ததை வால் ஸ்ட்ரீட் ஜர்னல் வெளியிட்டது. காசு கொடுத்துப் பாடுகிற ஆள் நானில்லை என்று அறிவித்துவிட்டுத்தான் 2015இல் கேட்டி பெர்ரி பாடினார். 2022இல் மைதானத்தில் கூட்டமாக நிற்பதற்குத் தொழில்முறை நடனக்காரர்களையே சம்பளமில்லாத ‘தன்னார்வலர்’களாகக் கூப்பிட, அவர்கள் சத்தம் போட்டு, சங்கம் தலையிட்டு, அதற்குப் பிறகுதான் அந்த வழக்கம் நின்றது. பல நாள் ஒத்திகை, வெட்டி வேலை. வெட்டி வேலை என்ற சொல்லின் கனம் இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சரி, வரலாற்றுக்கு வருகிறேன். முதல் இறுதியாட்டம் 1967 ஜனவரியில், லாஸ் ஏஞ்சல்சில். இடைவேளையில் வாசித்த கல்லூரி வாத்தியக் குழுக்களில் ஒன்று லூசியானாவின் கருப்பினக் கல்லூரியான கிராம்பிளிங்கிலிருந்து வந்தது. ஆக, மேடையில் கருப்பர் நிற்பது நேற்றுக் கிடைத்த வெற்றி அல்ல; முதல் நாளே நின்றார்கள், வாசித்தார்கள். ஆனால் இந்த ஆட்டத்தில் குவாட்டர்பேக் என்று ஒரு இடம் உண்டு. பந்து யார் கைக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்கிறவன், அணியின் மூளை. அந்த இடத்துக்குக் கருப்பருக்குப் புத்தி பத்தாது என்பது அங்கே நெடுங்கால சாத்திரம். குவாட்டர்பேக்காக நின்று சூப்பர் பௌலை வென்ற முதல் கருப்பர் டக் வில்லியம்ஸ். வென்றது 1988இல். அவர் படித்ததும் அதே கிராம்பிளிங்கில்தான். கல்லூரியின் மேளம் உள்ளே போனதற்கும் மூளை உள்ளே போனதற்கும் நடுவில் 21 வருஷம்.

“பழைய கதை தோழர்” என்று தள்ளாதீர்கள். தலையில் அடிபட்டு அடிபட்டு மூளை கலங்கிப்போன ஓய்வுபெற்ற வீரர்களுக்கு நூறு கோடி டாலருக்கு மேல் இழப்பீடு கொடுக்க லீக் ஒப்புக்கொண்டது. அந்த இழப்பீட்டை அளந்து கொடுக்கும் முறையில், கருப்பின வீரருக்கு ஆரம்பத்திலிருந்தே மூளைத்திறன் குறைவு என்று வைத்துக்கொண்டு கூட்டிக் கழித்தார்கள். முன்னமே குறைவாக இருந்தால் இழந்ததும் குறைவுதானே, காசும் குறைவு. சிலருக்கு ஒன்றுமே இல்லை. இந்தக் கணக்கைக் கைவிடுவதாக லீக் சொன்னது 2021 ஜூனில். தி வீக்எண்ட் பாடி முடித்து நான்கு மாதம் கழித்து! மேடையில் தொண்டைக்குக் கைதட்டல், மருத்துவக் கணக்கில் மூளைக்குத் தள்ளுபடி. மனுவுக்கு எல்லா தேசத்திலும் பேரன்கள் இருக்கிறார்கள்.

பெரிய பாடகர்களை இந்த மேடைக்குக் கூப்பிடும் வழக்கம் எப்படி வந்தது? ஞானோதயத்தால் அல்ல. 1992 இடைவேளையில் லீக் பனிக்கால விழா என்று சறுக்காட்டக் காட்சி ஒன்றைப் போட்டது. அதே நேரத்தில் ஃபாக்ஸ் தொலைக்காட்சி, கருப்பர்கள் நிறைந்த ‘இன் லிவிங் கலர்’ நகைச்சுவைக் குழுவை நேரலையில் இறக்கியது. 2 கோடிக்கும் மேற்பட்டவர்கள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள். கருப்பனின் நக்கலைக் கேட்க வெள்ளைக்காரன் வீட்டுக் கூடமே வேறு சேனலுக்குப் போய்விட்டது. அடுத்த வருஷமே லீக் ஓடிப்போய் மைக்கேல் ஜாக்சன் வாசலில் நின்றது.

ஜாக்சன் பாடிய 1993 ஆட்டம் நடந்தது கலிஃபோர்னியாவின் பாசடினாவில். உண்மையில் அது அரிசோனாவுக்கு ஒதுக்கப்பட்ட ஆட்டம். மார்ட்டின் லூதர் கிங் பிறந்தநாளை விடுமுறையாக ஏற்க அரிசோனா வாக்காளர்கள் 1990இல் மறுத்தார்கள். நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பி மாநிலத்தையே புறக்கணிக்கத் தொடங்க, 1991இல் லீக் ஆட்டத்தை அங்கிருந்து தூக்கியது. காசு போனதும் 1992இல் அதே அரிசோனா விடுமுறைக்கு வாக்களித்தது. 1996 ஆட்டமும் திரும்பக் கிடைத்தது. ஜாக்சன் பாடியதைப் பற்றி அலமாரி அலமாரியாக எழுதியிருக்கிறார்கள். அவர் நின்ற மேடை அந்த ஊருக்கு வந்ததே ஒரு புறக்கணிப்பால்தான் என்பதை அதில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அழைத்தவன் கோபம் எப்படி இருக்கும் என்பதற்கு 2004. ஹூஸ்டனில் ஜேனட் ஜாக்சனும் ஜஸ்டின் டிம்பர்லேக்கும் பாடினார்கள். டிம்பர்லேக் இழுத்தார், ஜேனட்டின் மார்பு ஒரு வினாடிக்கும் குறைவாகத் தெரிந்தது. இழுத்த கை வெள்ளை ஆணுடையது. தீட்டு பட்டது கருப்புப் பெண்ணுக்கு. அடுத்த வாரமே நடந்த கிராமி விழாவில் டிம்பர்லேக் பரிசு வாங்கினார். ஜேனட் அந்த மேடையில் இல்லை. தொலைக்காட்சி நிறுவனத்துக்கு விதித்த 5,50,000 டாலர் அபராதத்தைக்கூட நீதிமன்றம் பின்னால் ரத்து செய்துவிட்டது. ஜேனட்டின் தண்டனையை ரத்து செய்ய எந்த நீதிமன்றமும் இல்லை. 2018இல் முதன்மைப் பாடகராக அதே லீக் மறுபடி அழைத்தது டிம்பர்லேக்கை. வண்ணான் வெளுக்காத கறையை வெள்ளைத்தோல் வெளுத்துவிடும் போல.

நம் மொழிக்காரப் பெண் ஒருத்தியும் இந்தப் பேரேட்டில் இருக்கிறாள். மாதங்கி அருட்பிரகாசம், உலகத்துக்கு எம்.ஐ.ஏ. லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போர் துரத்தத் திரும்பவும் லண்டனுக்கு அகதியாகப் போனவள். 2012இல் மடோனாவின் நிகழ்ச்சியில் துணைக்குப் பாட வந்தவள் காமிராவைப் பார்த்து நடுவிரலைக் காட்டினாள். அந்த விரல் சரியா தப்பா என்று பட்டிமன்றம் வைக்க எனக்கு நேரமில்லை. லீக் என்ன செய்தது என்பதுதான் விஷயம். எங்கள் ஒழுக்கமான பெயர் கெட்டுப்போச்சு என்று முதலில் 15 லட்சம் டாலர் கேட்டது. 2014இல் அதற்கு மேல் இன்னும் ஒரு கோடியே 51 லட்சம் டாலர் கேட்டது. மொத்தம் ஒரு கோடியே 66 லட்சம்! கடைசியில் அந்த ஆண்டே ரகசியமாகச் சமரசம் செய்துகொண்டார்கள். கூலி கொடுக்காமல் கூப்பிட்டவளிடம் விரலுக்கு விலை கேட்ட கணக்கு இது. வருஷம் முழுக்க ஆட்களை மோதவிட்டு மூளை கலங்க வைக்கிறவனுக்கு ‘ஒழுக்கம்’ ஒரு விரலில் போய்விட்டதாம்.

எனக்கு இது புரியும். எங்கள் வங்கி ஆண்டு விழாவில் கவிதை வாசிக்கக் கூப்பிடுவார்கள். “அந்த மாதிரி வேணாம் சார், பொதுவா ஒண்ணு வாசிங்க” என்று காதோரம் சொல்லியும் விடுவார்கள். பொதுவா என்றால் என்ன அர்த்தம் என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

இப்போது 2016. இதை நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது நம் கதையும்கூட. கலிஃபோர்னியாவின் சான்டா கிளாரா நகரில் லீவைஸ் மைதானம், பிப்ரவரி 7. முதன்மை அழைப்பு கோல்ட்பிளே குழுவுக்கு, பியான்சே விருந்தாளி. அவருடைய நடனப் பெண்கள் கருப்புத் தொப்பி, கருப்பு உடையில் அணிவகுத்து வந்தார்கள். கருப்புச் சிறுத்தைகள் கட்சியின் உடை அது. அந்தக் கட்சி 1966இல் பிறந்தது அங்கிருந்து பக்கத்திலிருக்கும் ஓக்லாந்தில். சரியாக ஐம்பதாவது வருஷம். அந்தச் சிறுத்தைகளின் பெயரைத்தான் 1972இல் பம்பாயில் நாம்தேவ் தசாலும் ஜே.வி. பவாரும் ராஜா டாலேயும் தலித் சிறுத்தைகள் என்று வாங்கிக்கொண்டார்கள். நம் சுவரெழுத்தில் பாய்கிற சிறுத்தை அந்த வழியாக வந்ததுதான். ஆகவே அந்த நடனத்தைப் பார்த்து எனக்குச் சிலிர்த்ததில் வெட்கமில்லை. முடிந்ததும் அந்தப் பெண்கள், சான் ஃபிரான்சிஸ்கோ போலீஸ் சுட்டுக்கொன்ற மாரியோ வுட்ஸ் என்ற இளைஞருக்கு நீதி கேட்டுக் கையெழுத்து அட்டை ஒன்றைப் பிடித்து, முஷ்டி உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். நியூயார்க்கின் முன்னாள் மேயர் குதித்தார். மயாமி போலீஸ் சங்கம் பியான்சே கச்சேரிக்குப் பாதுகாப்பு வேலைக்குப் போகாதே என்றது.

ஆறு மாதம் கழிகிறது. அதே மைதானம், 2016 ஆகஸ்ட் 26. அந்த மைதானத்தின் சொந்த அணியான ஃபார்ட்டி நைனர்ஸின் குவாட்டர்பேக் காலின் கேப்பர்னிக், தேசியகீதம் ஒலிக்கும்போது எழுந்து நிற்கவில்லை. கருப்பு மக்களை ஒடுக்கும் நாட்டின் கொடிக்கு என்னால் எழுந்து நிற்க முடியாது என்று காரணமும் சொன்னார். அடுத்த வாரத்திலிருந்து மண்டியிட்டார். பாட்டுக்குள் வைத்த சிறுத்தையை லீக் பொறுத்துக்கொண்டது. பாட்டில்லாமல், தாளமில்லாமல், சும்மா ஒரு முழங்காலை மடித்ததைப் பொறுக்க முடியவில்லை. 2017 மார்ச்சில் ஒப்பந்தத்தை விட்டு வெளியே வந்தார். எந்த அணியும் சேர்த்துக்கொள்ளவில்லை. முதலாளிகள் கூடிப்பேசி ஒதுக்கினார்கள் என்று அவர் தொடுத்த முறையீடு 2019 பிப்ரவரியில் சமரசத்தில் முடிந்தது.

அப்போதுதான் அந்த மேடையில் யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. கூப்பிட்டவனுக்கு ‘மாட்டேன்’ என்ற பதில் வந்தது. 2019 ஆட்டம் அட்லாண்டாவில், கிங் பிறந்த ஊரில். ரிஹானா மறுத்தார். அவர்களுக்குத் துணைபோகிறவளாக, விலைபோனவளாக நான் இருக்க முடியாது என்று பின்னால் அவரே சொன்னார். கார்டி பியும் கேப்பர்னிக்குக்காக மறுத்ததாகச் சொன்னார். கருப்பிசையின் தலைநகரம் என்று பேரெடுத்த ஊரில், மரூன் ஃபைவ் குழுவை முதன்மையாக வைத்து ஒப்பேற்ற வேண்டியதாயிற்று. போகாதே என்று அவர்களுக்கும் மனு போனது. கூடப் பாட ஒப்புக்கொண்ட டிராவிஸ் ஸ்காட், லீக்கும் சேர்ந்து 5 லட்சம் டாலர் நன்கொடை தந்தால்தான் வருவேன் என்று நிபந்தனை போட்டார். பார்த்தீர்களா, பொறுக்குகிற கை முதல் தடவையாகக் காற்றில் துழாவியது.

துழாவிய கைக்கு ஒரு கங்காணி கிடைத்தார். அந்த மேடையை மறுத்தேன் என்று 2018இல் பாட்டிலேயே பெருமையடித்த ஜே-ஸி, 2019 ஆகஸ்டில் தன் ரோக் நேஷன் நிறுவனத்தோடு லீக்கின் பக்கம் போய் உட்கார்ந்தார். இடைவேளைக்கு ஆள் தேடித் தருவதும், லீக்கின் ‘சமூக நீதி’ வேலைகளுக்குத் துணை நிற்பதும் ஒப்பந்தம். மண்டியிடும் கட்டத்தைத் தாண்டிவிட்டோம், இனி செயல் என்றார். தாண்டிவிட்டோமாம். முழங்கால் மடித்தவன் வேலையில்லாமல் வெளியே நிற்கிறான், இவர் தாண்டிவிட்டார்! தோட்டத்துக்கு ஆள் பிடித்துக் கொடுத்த கங்காணியும் நம் சாதிசனமாகத்தான் இருந்தான். நல்லது கெட்டதில் முன்னால் நிற்பான், தலைக்காசையும் வாங்கிக்கொள்வான். ஜே-ஸி காலத்தில் மேடை நிறம் மாறியது உண்மை. ஜெனிஃபர் லோபஸ், ஷகீரா, தி வீக்எண்ட், 2022இல் டாக்டர் டிரே, ஸ்னூப் டாக், மேரி ஜே. பிளைஜ், லமார் என்று ஹிப் ஹாப் முழுசாக மேடையைப் பிடித்தது. காட்சி அபாரம். அந்த நிகழ்ச்சிக்குப் பன்னிரண்டு நாள் முன்னால், பயிற்சியாளர் வேலைக்குக் கருப்பரைத் திட்டமிட்டு ஒதுக்குகிறார்கள் என்று பிரயன் ஃபிளோரெஸ் லீக் மீதும் அணிகள் மீதும் வழக்குப் போட்டிருந்தார். மேடையில் வெள்ளையரான எமினெம் மண்டியிட்டார். வானம் இடிந்து விழவில்லை. அவருக்கு யாரும் வேலையை நிறுத்தவுமில்லை.

“அப்போ பாடினது தப்பா? ரிஹானாவே 2023இல் போய்ப் பாடினாரே?” என்று கேட்கிறார்கள். போனார். 2018இல் கேப்பர்னிக்குக்கு என்ன நிலைமையோ அதேதான் 2023இலும், மாறியது ரிஹானாவின் பதில் மட்டும். ஒரு தாயாகப்போகிற பெண் வயிற்றோடு அந்த உயரத்தில் தொங்கிப் பாடியதை நான் கேவலப்படுத்த மாட்டேன். ஆனால் அவர் வரலாற்றில் எனக்கு முக்கியமான வருஷம் 2023 அல்ல. ஒரு கலைஞர் போவதும் மறுப்பதும் அவரவர் வயிறு, மனசு சம்பந்தப்பட்டது. போனதை விடுதலை என்று நீங்களும் நானும் முழக்கம் எழுத வேண்டிய அவசியம் என்ன என்பதுதான் என் சண்டை.

லமார் பாடிய இரவையே எடுத்துக்கொள்ளுங்கள். மைதானத்தின் கடைக்கோட்டில் 2020இலிருந்து ‘இனவெறிக்கு முடிவு கட்டுவோம்’ என்று எழுதிவந்த வாசகத்தை அந்த ஆட்டத்துக்கு எடுத்துவிட்டு, ‘அன்பைத் தேர்ந்தெடு’ என்று எழுதினார்கள். பார்வையாளர் மாடத்தில் ஜனாதிபதி டிரம்ப். நடுவில் லமார் அமெரிக்கக் கொடியைக் கருப்பு உடம்புகளால் கட்டி, நடுவில் பிளந்து காட்டினார். அது ஒத்திகை பார்த்த, அனுமதித்த பிளவு. அதே கூட்டத்தில் நின்ற ஒரு இளைஞர் காரின் மேல் ஏறி சூடான், பாலஸ்தீனக் கொடிகளைச் சேர்த்துப் பிடித்தார். அது அனுமதிக்காதது. அவருக்கு எல்லா மைதானங்களிலும் வாழ்நாள் தடை. ஒரே மேடை, ஒரே இரவு, இரண்டு கொடி. எந்தக் கொடி அவர்களைச் சுட்டது என்று தடை உத்தரவே சொல்கிறதே.

பேட் பன்னி விஷயம் கொஞ்சம் சிக்கலானது, ஒத்துக்கொள்கிறேன். போர்ட்டோ ரிக்கோ 1898இலிருந்து அமெரிக்காவின் பிடியில். 1917இல் குடியுரிமை கொடுத்தார்கள்; தீவில் வசிக்கிறவர் ஜனாதிபதித் தேர்தலில் இன்றைக்கும் வாக்களிக்க முடியாது. கச்சேரிக்கு வரும் தன் ஜனங்களைக் குடியேற்றப் போலீஸ் வாசலில் மடக்குமென்று அஞ்சி, உலகச் சுற்றுப்பயணத்தில் அமெரிக்கப் பெருநிலத்தையே விட்டுவிட்டவர் அவர். அவரை 2025 செப்டம்பரில் லீக் அறிவித்ததும் டிரம்ப் அபத்தம் என்றார், குடியேற்றப் போலீஸ் மைதானத்துக்கு வரும் என்று அரசுத் தரப்பில் மிரட்டினார்கள், வலதுசாரிகள் கிட் ராக்கை வைத்துப் போட்டி நிகழ்ச்சியே நடத்தினார்கள். இத்தனைக்கும் நடுவில் லீக் பின்வாங்கவில்லை. நம் தோழர்கள் இதை லீக்கின் வீரமாகப் படிக்கிறார்கள். நான் வேறு பக்கம் படிக்கிறேன். 2024லும் 2025லும் சாவோ பாலோவில் ஆட்டம் நடத்தினார்கள், 2025 நவம்பரில் மாட்ரிடில். வெள்ளை அமெரிக்க வீடுகளில் விற்க வேண்டியதை விற்று முடித்துவிட்டார்கள். மிச்சமிருக்கும் சந்தை ஆங்கிலத்துக்கு வெளியே இருக்கிறது. டிரம்ப் கத்துவதைவிட அந்தச் சந்தை அவர்களுக்குப் பெரிசு. சந்தை வேறு பக்கம் திரும்பினால் ஜேனட்டைத் தூக்கியெறிந்த அதே கை இவரையும் எறியும். பேட் பன்னியின் துணிச்சல் அவருடையது. அதை முதலாளியின் வரவில் எழுதாதீர்கள்.

பேட் பன்னி பாடிய மைதானம் எது தெரியுமா? சான்டா கிளாராவின் லீவைஸ் மைதானம். சிறுத்தை உடையில் பெண்கள் அணிவகுத்தது அங்கேதான். பத்து வருஷத்துக்கு முன் ஒரு குவாட்டர்பேக் தேசியகீதத்துக்கு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்ததும் அங்கேதான். 2026 பிப்ரவரி 8 இரவு மேடை உருண்டு உள்ளே வந்தது, பாட்டு முடிந்தது, மேடை உருண்டு வெளியே போனது, ஆட்டம் தொடர்ந்தது. கேப்பர்னிக் கடைசியாக ஆடியது 2017 ஜனவரி 1. அதற்குப் பிறகு 32 முதலாளிகளில் ஒருவர்கூட அவருக்கு வேலை கொடுக்கவில்லை.